ஏரியைச் சுற்ற ஸ்னோஷூவா, ஸ்கீயா?

குளிர்காலத்தில் மலை ஏரி ஒன்றைச் சுற்றிவர ஆட்களைச் சேர்த்ததும் முதலில் எழும் கேள்வி, காலில் எதைக் கட்டுவது என்பதுதான்: காலணிக்கு அடியில் கட்டும் அகலமான சட்டமான ஸ்னோஷூவா, நீண்டு ஒடுங்கிய பலகையான ஸ்கீயா? இரண்டுமே நம் எடையைப் பரப்பி, கால் பனியில் புதையாமல் காக்கின்றன. ஆனால் ஸ்னோஷூவில் நடக்கிறோம், ஸ்கீயில் வழுக்கிக்கொண்டு போகிறோம்.

ஸ்னோஷூ பத்து நிமிடத்தில் பழகிவிடும். ஒன்றின் விளிம்பை மற்றொன்று மிதிக்காதபடி கால்களைச் சற்று அகட்டி வைத்தால் போதும். பாதத்துக்கு அடியில் உள்ள உலோகப் பற்கள் கெட்டிப்பனியைக் கவ்விக்கொள்ளும். ஆனால் ஒவ்வோர் அடியையும் தூக்கித்தான் வைக்க வேண்டும், இறக்கத்திலும்கூட.

ஸ்கீ என்று நான் சொல்வது குதிகால் கட்டப்படாத, நெடுந்தூரம் போகும் வகையை. பல ஸ்கீகளில் பாதத்துக்கு நேர் கீழே மீன் செதில் போன்ற வரிகள் இருக்கும். அழுத்தி மிதித்தால் பனியைப் பிடிக்கும், எடையை எடுத்தால் வழுக்கும். அந்தத் தாளம் கைவந்தவருக்குச் சமதளத்தில் பாதி உழைப்பு மிச்சம். புதியவரோ மரங்களுக்கு நடுவே குறுகலான இறக்கம் வந்ததும் நிறுத்தத் தெரியாமல் விழுந்துவிடுவார்.

வரைபடத்தில் ஏரிக்கரை தட்டையாகத்தான் தெரியும். நேரில் போனால், ஏதாவது ஒரு பக்கம் மலைச்சரிவு நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். அங்கே சரிவுக்குக் குறுக்காகப் போக வேண்டும். உலோக விளிம்பு இல்லாத ஸ்கீ பக்கவாட்டில் நழுவும். ஸ்னோஷூ கணுக்காலைத் திருகினாலும் பற்கள் பிடித்துக்கொள்ளும், அதனால் இந்த இடத்தில் என் ஓட்டு ஸ்னோஷூவுக்கே. மேலே 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த வெட்டவெளி இருந்தால் இரண்டுமே உதவாது. பனிச்சரிவுகள் பெரும்பாலும் அந்தச் சாய்வில்தான் கிளம்பும், கரைவரை வந்தும் நிற்கும். அந்தக் கரையை விட்டுவிடுங்கள்.

சரி, உறைந்த ஏரியின் மேலேயே போனால்? நீளமான ஸ்கீ எடையை நன்றாகப் பரப்பும், ஆனால் அதை நம்பி இறங்கக் கூடாது. ஒருவர் நடப்பதற்கே தெளிவான, கெட்டியான பனிக்கட்டி குறைந்தது 10 செ.மீ. வேண்டும் என்பார்கள். வெண்மையான பனிக்கட்டிக்கு அதில் பாதி பலம்தான். ஓடை வந்து சேரும் இடமும் வெளியேறும் இடமும் எப்போதும் மெலிந்திருக்கும். மேலே கிடக்கும் பனியின் பாரத்தில் பனிக்கட்டி தாழ்ந்து, விரிசல் வழியே தண்ணீர் மேலேறி, பனியோடு கலந்து, வெளியே தெரியாத பனிச்சேறாக நிற்பதும் உண்டு. ஒருமுறை என் ஸ்கீ அதில் இறங்கிவிட்டது. வெளியே எடுத்த சில நொடிகளில் அடிப்பக்கம் முழுக்கக் கல்லாய் உறைந்துபோக, கையுறையோடு உட்கார்ந்து வெகுநேரம் சுரண்டினேன். அதற்குள் குழுவே நடுங்கிவிட்டது.

எனக்கு அதிகம் கவலை தருவது கலப்புக் குழுதான். ஸ்கீக்காரர்கள் முன்னே போய்க் காத்து நின்று குளிர்ந்துபோவார்கள். ஸ்னோஷூக்காரர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "கிளம்பலாமா?" என்பார்கள். களைத்தவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. அதனால் குழுவில் இரண்டு பேர் புதியவர்கள் என்றாலே எல்லோரும் ஸ்னோஷூ கட்டுவதுதான் சரி. கலந்துதான் போக வேண்டுமென்றால், ஸ்கீ தடத்தை மிதித்துக் குழியாக்காமல் ஸ்னோஷூக்காரர்கள் பக்கத்தில் தனித் தடம் போடட்டும். அப்புறம், கடைசியாக வந்தவர் சூடாக எதையாவது குடித்து, கையுறையை மறுபடி மாட்டிய பிறகே எல்லோரும் கிளம்ப வேண்டும்.