ஏழு அட்டை, மூன்று புட்டி, ஒரு தப்பான சிவப்பு

தஞ்சாவூர் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ரெண்டாம் வகுப்பு டீச்சர் நான். எங்களுக்குத் தனியாக ஓவிய ஆசிரியர் கிடையாது. அதனால் போன ஜூனில் கைக்காசு 850 ரூபாய் போட்டு, சின்னப் பிள்ளைகளுக்கு ஓவியத்தின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். கோடு, வடிவம், கனவடிவம், வெளி (பொருள்களைச் சுற்றியும் இடையிலும் உள்ள இடம்), நிறம், ஒளி-நிழல், இழைநயம் என்று ஏழு பெரிய அட்டைகள், மூன்று புட்டி போஸ்டர் கலர், 12 மெழுகு கிரயான், நாலு பிரஷ். ஒரு பருவம் முழுக்க 26 பிள்ளைகளோடு பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன்.

பெட்டியிலேயே அருமையான சாமான் கிரயான்தான். தடிமனாக இருக்கிறது, கீழே விழுந்தாலும் உடையவில்லை. சுற்றியுள்ள காகிதத்தை உரித்துப் படுக்கவைத்துத் தேய்த்தால் நல்ல அச்சு விழுகிறது. ஜெர்மன் ஓவியர் மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925-இல் தரைப் பலகைமேல் தாளை வைத்துத் தேய்த்த கதை இழைநயம் அட்டையில் இருக்கிறது. ஆனால் ‘இழைநயம்’ என்றால் ஏழு வயசுக்கு என்ன புரியும்? சொரசொரப்பு, வழவழப்பு என்று சொல்லி, தாளோடு வெளியே அனுப்பினேன். வேப்பமரப் பட்டை, ஓலைப்பாய், தண்ணீர்த் தொட்டி மூடி, எதையும் விடவில்லை. பட்டையைத் தேய்த்த ஒருத்தி ஓடிவந்து, “டீச்சர், மரத்துக்கும் ரேகை இருக்கு!” என்றாள். அந்தத் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன்.

கோடு சொல்லித்தர அட்டையே தேவைப்படவில்லை. வாசலில் அம்மா போடும் நெளிக்கோலத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்!

நிறத்தில்தான் எனக்குக் கோபம். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று அட்டை சொல்கிறது. கலந்தால் வந்தது சாணிப் பழுப்பு. “நாங்க தப்பா கலந்துட்டோமா டீச்சர்?” என்று முகம் வாடிப் போனார்கள். தப்பு பிள்ளைகளுடையது இல்லை. கொடுத்திருக்கும் சிவப்பு ஆரஞ்சுச் சாயல் கொண்டது. அதற்குள் ஏற்கெனவே மஞ்சள் இருப்பதால் நீலம் சேர்ந்ததும் மங்கிவிடுகிறது. மறுநாள் ஸ்டேஷனரி கடையில் கிரிம்சன் (நீலச் சாயல் கொண்ட அடர்சிவப்பு) ஒரு புட்டி வாங்கிக் கலந்தேன். கத்தரிக்காய் நிறம் பளிச்சென்று வந்தது. வகுப்பே கைதட்டியது. தயாரிப்பவர்கள் அந்த ஒரு புட்டியை மாற்றியே ஆக வேண்டும்.

வடிவம் அட்டையில் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸின் ‘நத்தை’ (1953). எண்பதைத் தாண்டிய வயதில், வண்ணம் பூசிய தாள்களை வெட்டி ஒட்டிச் செய்தது. அசல் கிட்டத்தட்ட மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர். அட்டையில் உள்ளங்கை அளவு. அளவை எங்கேயும் போடவில்லை. வராந்தாவில் சாக்பீஸால் அதே அளவுக்குக் கட்டம் போட்டேன். பிள்ளைகள் அதற்குள் படுத்துப் பார்த்தார்கள், உருண்டார்கள். பிறகு பழைய கல்யாணப் பத்திரிகைகளைக் கிழித்து அவரவர் நத்தையை ஒட்டினார்கள்.

கனவடிவம் அட்டையை ஓரமாக வைத்துவிட்டேன். படத்தில் உருண்டையைக் காட்டுவதைவிட ஒரு பிடி களிமண்ணைக் கையில் கொடுத்துவிடலாம். வெளி அட்டை மூன்றாம் வகுப்புக்குத்தான் சரிப்படும்.

ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். தாராளமாக வாங்கலாம், கூடவே கிரிம்சன் ஒரு புட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். புட்டிகள் தீபாவளிக்கு முன்பே காலி. அட்டைகளை மூன்றாம் வகுப்பு டீச்சர் இரவல் வாங்கிப் போயிருக்கிறார்.