சிள்வண்டைக் கவிழ்த்துப் பாருங்கள்: உடல் அடையாளங்கள் எதுவரை கைகொடுக்கின்றன

முதலில் முடிவைச் சொல்லிவிடலாம். பத்து மடங்கு கைலென்ஸ், மில்லிமீட்டர் கட்டம் போட்ட தாள், காலிப்பர், மெல்லிய தூரிகை ஆகிய நான்கையும் பல பருவங்கள் புழங்கிய பிறகு உறுதியாகச் சொல்ல முடிவது இதுதான்: சிள்வண்டை (சிக்காடாவை) அடையாளம் காண்பதில் உடலமைப்பை மட்டும் வைத்துப் பேரினம் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) வரை நம்பிப் போகலாம். அதற்கு மேல் இனம் வரை போக ஆண் பூச்சி இருந்தால் வாய்ப்பு அதிகம். பெண் மட்டும் கிடைத்தால் பல நேரம் பாதி வழியில் நிற்க வேண்டியிருக்கும். சில கூட்டங்களில் ஆண் இருந்தும் பயனில்லை. உலகில் 3000-க்கும் மேற்பட்ட சிள்வண்டு இனங்கள் பெயரிடப்பட்டுள்ளன. நிறத்தையும் பருமனையும் பார்த்து இவற்றைப் பிரிக்க நினைத்தால் முதல் பருவத்திலேயே பதிவேடு முழுக்கப் பிழையாகிவிடும்.

நிறம்தான் முதலில் கண்ணில் படுகிறது, அதிகம் ஏமாற்றுவதும் அதுதான். தோலுரித்து வெளிவந்த சிள்வண்டு வெளிறி, மென்மையாக இருக்கும். உடல் இறுகி உரிய நிறம் ஏற மணிக்கணக்காகும். அதற்குள் எடுத்த போட்டோவை வைத்து ‘இது வேறு இனம்’ என்று எழுதிவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. செத்த பிறகு பச்சை மெல்ல மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். ஆல்கஹாலில் போட்டாலும் பச்சை நிற்காது. வயிற்றில் உள்ள வெண்பொடி போன்ற மெழுகுப் பூச்சு விரல் பட்டாலே உதிர்ந்துவிடும். வயதான பூச்சியில் அது தானாகவே தேய்ந்திருக்கும். கண் நிறமும் அப்படித்தான்: சிவப்புக் கண்ணுக்குப் பேர்போன வட அமெரிக்கப் பேரினமான மேஜிசிக்காடாவில் எப்போதாவது வெள்ளை, நீலக் கண் உள்ளவையும் வரும், இனம் அதே இனம்தான். கருஞ்சிறகும் இரத்தச் சிவப்பு வயிறும் கொண்ட ஹூகிஸ் சாங்குவினியா போல நிறமே பெயர் சொல்லும் பூச்சிகளும் உண்டு. ஆனால் அவை குறைவு.

ஆகவே பூச்சியைக் கவிழ்த்துப் பார்ப்பதுதான் முதல் பழக்கமாக வேண்டும். மார்பின் இரு பக்கமும் கட்டைவிரலும் சுட்டுவிரலும் படும்படி பிடியுங்கள். வயிற்றை அழுத்தக் கூடாது. ஆணின் வயிறு பெரும்பாலும் காற்றறை, எளிதில் நசுங்கும். மிகவும் துள்ளினால் மூடிய டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் (உறைபனி அறையில் அல்ல) 10 நிமிடம் வைத்தால் அடங்கும், வெளியே எடுத்ததும் பழையபடி ஆகிவிடும்.

அடிப்பக்கத்தில் பின்கால்களின் தொடக்கத்துக்குக் கீழே இரண்டு தட்டுகள் தெரியும். இவைதான் ஓப்பர்குலம், செவிப்பறையை மூடி நிற்கும் தட்டுகள். ஆணில் பெரிதாக இருக்கும், பெண்ணில் சிறுத்திருக்கும். மற்ற எந்த அடையாளத்தையும் விட அதிகம் உழைத்தது இதுதான். வடிவம் வட்டமா, முக்கோணமா, நீண்ட இலை போன்றதா? உள்விளிம்புகள் ஒன்றையொன்று தொடுகின்றனவா, இடைவெளி இருக்கிறதா? நுனி வயிற்றின் எத்தனையாவது கண்டம் (வளையம்) வரை வருகிறது? இந்த மூன்றையும் அப்போதே எழுதிவிட வேண்டும். டண்டுபியா பேரினத்தில் தட்டுகள் நீண்டு வயிற்றின் மேல் படிந்து கிடக்கும், ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். புரானா பேரினத்து ஆணில் வயிற்றின் அடிப்பக்கம் 3, 4-ஆம் கண்டங்களில் சிறு புடைப்புகள் இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் அவை நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். நேர் பிளாஷ் அடித்தால் போட்டோவில் மறைந்தே போகும். கேமராவைச் சாய்த்துப் பிடித்தாலும் தட்டின் நீளம் குறைந்து தெரியும், அதனால் லென்ஸ் வயிற்றுக்கு நேர் மேலே இருக்க வேண்டும்.

அடுத்துப் பக்கவாட்டில், வயிற்றின் முதல் கண்டத்தருகே டிம்பல். ஒலியெழுப்பும் சவ்வு இதுதான், ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஆணுக்கு மட்டும். சிக்காடினே துணைக்குடும்பத்தில் பெரும்பாலானவற்றில் இதன் மேல் ஒரு மூடி கவிந்திருக்கும். சிக்காடெட்டினேயில் பெரும்பாலும் திறந்தே கிடக்கும், சவ்வின் குறுக்கே வரிசையாக நிற்கும் விலா போன்ற கோடுகளை லென்ஸில் எண்ணலாம். பிடித்த ஆண் அலறும்போது பார்த்தால் அந்தக் கோடுகள் உள்வாங்கி மறுபடி நிமிர்வது தெரியும். மூடி இருக்கிறதா இல்லையா என்ற ஒரே கேள்வி பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது.

சிறகில் இரண்டு பொறிகள் உண்டு. முன்சிறகு நுனியருகே கறுப்பாக ‘W’ போன்ற குறி தெரிந்ததும் மேஜிசிக்காடா என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். நியோடிபிசென் போன்ற வேறு பேரினங்களிலும் குறுக்கு நரம்புகள் கறுத்து அப்படியே தெரியும். இரண்டாவது, நரம்புகளை மடிந்த சிறகில் எண்ணுவது. வழக்கமாக முன்சிறகில் 8 நுனி அறைகள் (சிறகு நுனியில் நரம்புகளுக்கு இடைப்பட்ட கட்டங்கள்), பின்சிறகில் 6 அல்லது 5. பின்சிறகை விரித்தால்தான் இந்த எண்ணிக்கை தெரியும். முன்சிறகின் அடி அறையிலிருந்து இரண்டு நரம்புகள் தனித்தனியே கிளம்புகின்றனவா, ஒன்றாகச் சேர்ந்து கிளம்புகின்றனவா என்பதும் முக்கியம். சேர்ந்திருப்பது சிக்காடெட்டாவின் அடையாளம். ஒரு பக்கச் சிறகில் மட்டும் நரம்பு பிறழ்ந்திருப்பதும் உண்டு, அதனால் இரு பக்கமும் எண்ணிவிடுங்கள்.

முன்மார்பின் பக்க விளிம்பு காது போல அகன்று நீட்டினால் பிளாட்டிப்ளூரா வகையாறாவை நினைக்கலாம். முன்மார்புத் தகடே பின்னோக்கி வளர்ந்து நடுமார்பைப் பெரும்பகுதி மூடியிருந்தால் அது டெட்டிகார்க்டா, ஆஸ்திரேலியாவில் 2 இனங்களே எஞ்சியுள்ள தனிக் குடும்பம். முன்காலின் தொடைப்பகுதி முட்களையும் பாருங்கள்: எத்தனை, எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கின்றன என்று. மண் ஒட்டியிருந்தால் ஈரத் தூரிகையால் துடைத்துவிட்டு எண்ண வேண்டும்.

அளவெடுப்பதில் நேரும் குழப்பத்துக்குக் காரணம் பூச்சியல்ல, சொல். ‘நீளம் 40 மில்லிமீட்டர்’ என்றால் தலையிலிருந்து வயிற்று நுனி வரையா, மடிந்த சிறகின் நுனி வரையா? இரண்டுக்கும் வித்தியாசம் மிகப் பெரிது. வயிறு காய்ந்தால் சுருங்கும், ஒன்றுக்குள் ஒன்று இழுத்துக்கொள்ளும். சுருங்காதவை மூன்று: கூட்டுக்கண்கள் உட்பட தலையின் அகலம், முன்மார்பின் அகலம், முன்சிறகின் நீளம். இம்மூன்றையும் 0.1 மில்லிமீட்டர் வரை எடுத்து வைத்தால் காய்ந்த மாதிரியோடு உயிருள்ளதை ஒப்பிட முடியும்.

மரத்தில் ஒட்டியிருக்கும் தோல்கூட்டை வீணாக்க வேண்டாம். வயிற்று நுனியின் அடிப்பக்கம் நீளவாக்கில் பிளவுபோன்ற கோடு இருந்தால் பெண், இல்லையென்றால் ஆண். முன்காலில் உள்ள சீப்பு போன்ற பற்களின் எண்ணிக்கையும் இனம் பிரிக்க உதவும். பக்கத்தில் தோலுரித்த பூச்சியே இருந்தால் இரண்டையும் ஒரே எண்ணில் சேர்த்து வையுங்கள், அந்தச் சோடிக்கு மதிப்பு அதிகம்.

வெளியடையாளம் போதாதபோது ஆணின் இனப்பெருக்க உறுப்புதான் வழி. காய்ந்த மாதிரியை ஈரப் பெட்டியில் ஒரு நாள் வைத்து இளக்க வேண்டும், அதிக நாள் விட்டால் பூஞ்சை பிடிக்கும். வயிற்று நுனியைப் பிரித்து 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஓர் இரவு ஊறவிட்டு, கழுவி, கிளிசரினில் வைத்து நுண்ணோக்கியில் பார்க்கலாம். கரைசல் தோலை அரிக்கும், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிரித்த துண்டைச் சிறு குப்பியில் போட்டு, மாதிரியைக் குத்திய அதே ஊசியிலேயே குப்பியையும் குத்திவைக்க வேண்டும். தனியாக வைத்த துண்டு எந்தப் பூச்சியினுடையது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

இவ்வளவுக்குப் பிறகும் உடல் வாய் திறக்காத இடங்கள் உண்டு. மேஜிசிக்காடாவில் 17 ஆண்டுக்கு ஒருமுறை மண்ணிலிருந்து வெளிவரும் இனங்கள் மூன்றும் நல்ல பாடம்: செப்டென்டெசிமுக்குக் கண்ணுக்கும் சிறகடிக்கும் நடுவே ஆரஞ்சுத் திட்டும் வயிற்றடியில் அகலப் பட்டைகளும் உண்டு. செப்டென்டெகுலாவுக்குக் குறுகிய பட்டைகள். காசினிக்கு அடிவயிறு ஏறக்குறைய முழுக் கறுப்பு. இதுவரை சுலபம். ஆனால் 13 ஆண்டுக்காரனான நியோடிரெடெசிமை செப்டென்டெசிமிலிருந்து உருவத்தால் பிரிக்க முடியாது. அது 2000-இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது, இன்னொரு 13 ஆண்டு இனமான டிரெடெசிமிலிருந்து அதைப் பிரித்துக் காட்டிக்கொடுத்ததில் பாட்டின் சுருதிக்குப் பெரும் பங்கு. டிரெடெசிம் சுமார் 1.1 கிலோஹெர்ட்ஸில் பாடும், இரண்டும் கலந்து வாழும் இடத்தில் நியோடிரெடெசிம் அதைவிட உயர்ந்த சுருதியில் பாடும். ஐரோப்பாவின் சிக்காடெட்டா மொண்டானா கூட்டத்திலும் உருவம் ஒன்றுபோலவே இருக்க, பாட்டுதான் இனங்களைப் பிரித்துத் தருகிறது.

அதனால் ஆணைப் பிடிப்பதற்கு முன்பே அது பாடுவதை ஒரு நிமிடமாவது போனில் பதிவுசெய்யுங்கள், பிடித்தபின் போடும் அலறல் அந்தப் பாட்டாகாது. பதிவுக் கோப்பின் எண், தேதி, நேரம், இடம், மரம் ஆகியவற்றை மாதிரியின் சீட்டிலேயே பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். பெயர் எழுதும் இடத்தில் பேரினம் மட்டும் உறுதியென்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொண்டு, எந்த அடையாளம் பார்க்க முடியவில்லை என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.