மகளுக்கு முதல் மகளிர் மருத்துவர்: தஞ்சையில் அரசு சேவை எப்படி?

தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனை பிரசவத்துக்கு மட்டும் என்று டெல்டாவில் பலர் நினைக்கிறார்கள். பதின்பருவப் பெண்ணையும் அங்கே காட்டலாம், கட்டணமில்லை. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள்.

13 முதல் 15 வயதுக்குள் ஒருமுறை பேசிவிட்டு வருவது நல்லது. 15 முடிந்தும் வயதுக்கு வராவிட்டால், வந்தபின் மாதவிடாய் 3 மாதம் விட்டுப்போனால், ரத்தப்போக்கு 7 நாளைத் தாண்டினால், மணிக்கொரு நாப்கின் நனைந்தால் தள்ளிப்போடவே கூடாது. வயதுக்கு வராமலே மாதாமாதம் அடிவயிறு வலித்தால், மாதவிடாய் வெளியேறும் பாதை அடைபட்டு ரத்தம் உள்ளே தேங்கியிருக்கலாம். இதைச் சூட்டுவலி என்று வெந்தயம் கொடுத்தே காலம் கடத்துகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

உள்பரிசோதனை பயம்தான் பெரிய தடை. முதல் முறை அது பெரும்பாலும் தேவைப்படாது. ஸ்கேன் எடுத்தாலும் வயிற்றின் மேல்தான். ஒரு மணி நேரம் முன்பே நான்கைந்து தம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீர் கழிக்காமல் இருக்கவேண்டும். சிறுநீர்ப்பை காலியாக இருந்தால் கருப்பை, சினைப்பை தெளிவாகத் தெரியாது. மறுபடி காத்திருக்கச் சொல்வார்கள்.

அரசு மருத்துவமனைகளில் பொதுவான குறை, கூட்டமும் தனிமையின்மையும். "பிள்ளை கொஞ்சம் தனியா பேசட்டும் டாக்டர்" என்று அம்மாவே கேட்டுவிடலாம். கடைசி மூன்று மாதவிடாய் தேதிகளை எழுதிக் கொண்டுபோங்கள். ஹீமோகுளோபின் பார்க்கச் சொல்லுங்கள். 12-க்குக் கீழ் என்றால் ரத்தசோகை. இரும்பு மாத்திரையை டீயோடு கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது.