திருப்பூர்ல ஏக்யூஎல் சாம்ப்ளிங் ட்ரெய்னிங் - போலாமா வேண்டாமா, ஒரு நேர்மையான ரிவியூ

பனியன் கம்பெனி க்யூசி-ல (தரம் பாக்கற வேலைல) இருக்கறவங்களுக்குன்னு ரெண்டு ஞாயித்துக்கிழமை கிளாஸ் ஒண்ணு நடத்துறாங்க, சாம்ப்ளிங்னா என்ன, ஏக்யூஎல் டேபிள (எத்தனை பீஸ் எடுத்துப் பாக்கணும், எத்தனை டிஃபெக்ட் வரைக்கும் பாஸ்னு சொல்ற அட்டவணை) எப்படி படிக்கறது, ஃபைனல் இன்ஸ்பெக்ஷன்ல பீஸ் எப்படி எடுக்கறது, இவ்வளவுதான் சிலபஸ். பேர் போடல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன், சின்ன இடம், பாவம். ஆனா இதே மாதிரி கிளாஸ் இப்ப ஊர்ல நாலஞ்சு பேர் நடத்துறாங்க, அதனால எதுல சேர்றதா இருந்தாலும் என்ன கேக்கணும்னு இதப் படிச்சா புரியும்.

மொதல்ல நல்லது. கிளாஸ் ஆரம்பிச்ச உடனே ஃபார்முலா, போர்டுல சிக்மா, அந்த வேலையே இல்ல. சார் ஒரு பக்கெட் நிறைய சட்டை பட்டன் கொண்டு வந்தார், பெரும்பாலும் வெள்ளை, நடுவுல கருப்பு. நூத்துக்கு பத்து கருப்புன்னு அவரே சொல்லிட்டாரு, ஒளிவு மறைவே இல்ல. நல்லா கலக்கி ஆளுக்கு 50 பட்டன் கண்ணை மூடிட்டு எடுத்து கருப்ப எண்ணி போர்டுல எழுதணும். அஞ்சு வரணும்ல? ஒரு அக்காவுக்கு ஒண்ணே ஒண்ணு, பின்னாடி உக்காந்திருந்த தம்பிக்கு ஒம்பது. ஒரே பக்கெட்டுங்க. உடனே அந்த தம்பிய எல்லாரும் ஓட்ட ஆரம்பிச்சிட்டாங்க, "கை ராசி அப்படி"ன்னு. சார் சிரிக்கவே இல்ல, "உங்க ஃப்ளோர்ல ஒரு லைன்ல இன்னைக்கு ஒம்பது டிஃபெக்ட் வந்தா சூப்பர்வைசர கூப்பிட்டு கத்துவீங்கல்ல, நேத்து ஒண்ணு வந்த லைனுக்கு டீ வாங்கி குடுத்திருப்பீங்கல்ல, ரெண்டு லைனும் ஒரே மாதிரி தான் தைச்சிருக்குன்னா?"ன்னு கேட்டார். க்ளாஸ் கப்சிப். சாம்பிள்ல வர்ற நம்பர் தானாவே ஆடும், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் காரணம் தேடக்கூடாதுங்கற விஷயம் எனக்கெல்லாம் புஸ்தகத்துல படிச்சப்ப ஏறவே இல்ல, இந்த பட்டன் பக்கெட்டுல ஏறிடுச்சு. இதுக்கே பாதி காசு செரிச்சுப் போச்சு.

அடுத்தது அந்த பத்து பர்சென்ட் பஞ்சாயத்து. நம்ம ஊர்ல எத்தனை கம்பெனில "லாட்ல 10% செக் பண்ணிட்டோம் மேடம்"னு சொல்றாங்கன்னு உங்களுக்கே தெரியும் (லாட்னா ஒண்ணா செக்கிங்குக்கு வர்ற மொத்த சரக்கு). கேக்க நியாயமா இருக்கும். ஆனா 100 பீஸ் லாட்ல பத்து பர்சென்ட்னா 10 பீஸ், அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, 50,000 பீஸ் லாட்ல 5,000 பீஸ், அது தண்ட வேலை. ஏக்யூஎல் டேபிள் இருக்கற ஐஎஸ்ஓ 2859 ஸ்டாண்டர்ட பாருங்க (நம்ம இந்திய ஸ்டாண்டர்ட் ஐஎஸ் 2500-ம் அதேதான்), லெவல் டூல (வழக்கமா எடுக்கற செக்கிங் அளவு) 200 பீஸ் லாட்டுக்கு 32 எடுக்கணும், 2,400-க்கு 125, 30,000-க்கு 315. லாட் 150 மடங்கு பெருசாகுது, சாம்பிள் பத்து மடங்கு கூட ஆகல. ஏன்னு ஒரு மெர்ச்சண்டைசர் (பையர் ஆர்டர பாத்துக்கற ஆள்) பையன் கேட்டான், சார் சொன்ன பதில் எனக்கு ரொம்ப புடிச்சுது: "ஒல்லியா இருக்கறவனுக்கும் குண்டா இருக்கறவனுக்கும் ரத்த டெஸ்ட்டுக்கு அதே ஒரு ட்யூப் தானே எடுக்கறாங்க?" சாம்பிள் எத்தனை பீஸுங்கறது தான் கணக்கு, அது லாட்ல எத்தனை பங்குங்கறது பெருசா மேட்டரே இல்ல. இன்னொண்ணும் சொன்னார், சாம்பிள் கணிப்புல வர்ற தப்ப பாதியா குறைக்கணும்னா சாம்பிள நாலு மடங்கு ஆக்கணும், ரெண்டு மடங்கு பத்தாது. எலக்ஷன் கருத்துக்கணிப்புக்கும் இதே கணக்கு தான், 1,000 பேர ஒழுங்கா எடுத்தா மூணு பர்சென்ட் முன்ன பின்ன இருக்கும், அத ஒன்றரை ஆக்க 4,000 பேர் வேணும்.

இனி ஏக்யூஎல் 2.5. இத பத்தி எனக்கு ரொம்ப நாளா ஒரு எரிச்சல் உண்டு. பையர் 2.5-ன்னு சொன்னா "ரெண்டரை பர்சென்ட் வரைக்கும் டேமேஜ் அனுப்பிக்கலாம்"னு தான் பாதி பேர் நினைக்கறாங்க, முதலாளிங்க உட்பட. 2,400 பீஸ் ஆர்டர் எடுத்துக்கோங்க. 125 பீஸ் எடுத்து மேஜர் டிஃபெக்ட் 7 வரைக்கும் வந்தா பாஸ், 8 வந்தா ஃபெயில். (மைனருக்கு 4.0 வச்சா 10 பாஸ், 11 ஃபெயில். உடைஞ்ச ஊசி முனை மாதிரி கிரிட்டிக்கல்னா ஒண்ணு கிடைச்சாலே போச்சு, அதுக்கு இந்த டேபிளே கிடையாது.) அந்த 7-ங்கற நம்பர் நிஜத்துல என்ன பண்ணுதுன்னு சார் கணக்கு போட்டு காட்டினார். லாட்ல உண்மையிலேயே ரெண்டரை பர்சென்ட் டேமேஜ் இருந்தா, 100 தடவைல 98 தடவை பாஸ் ஆயிடும், சரி. அஞ்சு பர்சென்ட் இருந்தா? பத்துல ஏழு தடவை பாஸ்! பத்து பர்சென்ட் இருந்தா கூட 100-ல ஒரு 6 தடவை தப்பிச்சு கப்பல் ஏறிடும். அதாவது இந்த டேபிள் நல்ல சரக்கு அனுப்புற ஃபேக்டரிய சும்மா ஃபெயில் பண்ணிடக் கூடாதுங்கறதுல தான் ரொம்ப கவனமா இருக்கு, சுமாரான சரக்க புடிக்கறதுல அவ்வளவு கெட்டி இல்ல. பாஸ் ரிப்போர்ட்ட லேமினேட் பண்ணி ஆபீஸ்ல மாட்டற ஆளுங்க எல்லாம் இத ஒரு தடவை கேக்கணும். பாஸ்னா லாட் நல்லாருக்குன்னு அர்த்தம் இல்ல, ரொம்ப மோசமா இருக்கறதுக்கு ஆதாரம் கிடைக்கல, அவ்வளவே.

ரெண்டாவது ஞாயிறு தான் கிளாஸோட உயிர், ஏன்னா அன்னைக்கு எத்தனை பீஸுங்கறத விட்டுட்டு எந்த பீஸுங்கறதுக்கு வந்தார். இங்க தான் நம்ம ஊர் வண்டவாளம் எல்லாம் தண்டவாளம் ஏறுச்சு. இன்ஸ்பெக்டர் வர்ற அன்னைக்கு பேக்கிங்ல என்ன நடக்கும்? நல்லா ரீசெக் பண்ணின கார்ட்டன் எல்லாம் முன்னாடி, கை எட்டற உயரத்துல அடுக்கி இருக்கும், கடைசி நேரத்துல ஓட்டின நைட் ஷிஃப்ட் சரக்கு சுவரோரமா அடியில இருக்கும். "ரேண்டமா எடுத்துக்கோங்க சார்"னு சிரிச்சுட்டே சொல்வாங்க, கூடவே டீ, ரெண்டு வடை. அவரும் கை எட்டறத எடுப்பாரு. அது ரேண்டமே இல்லைங்க. ரேண்டம்னா ஒவ்வொரு பீஸுக்கும் வர்றதுக்கு சமமான வாய்ப்பு இருக்கணும், சுவரோரம் இருக்கற கார்ட்டனுக்கு வாய்ப்பு பூஜ்யம்னா நீங்க 125 எடுத்தாலும் 1,250 எடுத்தாலும் அந்த கார்ட்டன பத்தி உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது. அதுக்கு சார் ஒரு டெஸ்ட் வச்சார், எல்லாரையும் 1-ல இருந்து 60-க்குள்ள எட்டு கார்ட்டன் நம்பர் "மனசுக்கு தோணுன மாதிரி" எழுதச் சொன்னார். 7, 13, 27, 37 எல்லாம் குவிஞ்சு கிடக்கு, 1-ம் 60-ம் ஒருத்தர் கூட எழுதல, பக்கத்து பக்கத்து நம்பரும் யாரும் எழுதல. மனுசன் மண்டைல ரேண்டம் கிடையாது. அதுக்குத்தான் அந்த காலத்துல டேபிளே அச்சடிச்சு வச்சிருந்தாங்க, 1927-ல டிப்பெட்னு ஒருத்தர் சென்சஸ் ரிப்போர்ட்ல இருந்து எடுத்து 41,600 இலக்கத்த வரிசையா போட்டு வெளியிட்டார். நமக்கு எதுக்கு அது, மொபைல்ல எக்செல் திறந்து ராண்ட்பிட்வீன் (ரேண்டம் நம்பர் குடுக்கற ஃபார்முலா) போட்டா ஒரு நிமிஷம்.

லிட்டரரி டைஜஸ்ட் கதையும் வந்துச்சு, ஸ்டாட்ஸ் கிளாஸ்னா அது வராம இருக்குமா. அமெரிக்காவுல 1936 எலக்ஷன், ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச் சீட்டு அனுப்பி 24 லட்சம் பேர் கிட்ட இருந்து திரும்பி வந்து, லாண்டன் தான் ஜெயிப்பாருன்னு பத்திரிகை போட்டுச்சு, ரூஸ்வெல்ட் கிட்டத்தட்ட 61 பர்சென்ட் வாங்கி ஜெயிச்சாரு, லாண்டனுக்கு கிடைச்சது ரெண்டே ரெண்டு மாநிலம். அட்ரஸ் எடுத்தது டெலிஃபோன், கார் வச்சிருக்கறவங்க லிஸ்ட்ல இருந்து, போதாக்குறைக்கு பதில் போட்டது நாலுல ஒருத்தர் தான். எல்லாரும் சொல்ற கதை தான், ஆனா முன்னாடி அடுக்கின கார்ட்டன் கதைய கேட்ட அஞ்சாவது நிமிஷத்துல இத கேட்டா யாருக்கும் விளக்கமே தேவைப்படல.

கிளாஸ்லயே பெஸ்ட் கேள்வி ஒரு செக்கிங் அக்கா கேட்டது. "சார், ஃப்ளாட்லாக் தையல் மெஷின் ஒண்ணுல ஆயில் லீக் ஆனா அந்த கறை பீஸ் எல்லாம் ஒரே பண்டில், ஒரே நாள் பேக்கிங், ரெண்டு மூணு கார்ட்டன்லயே தான் உக்காந்திருக்கும், எல்லா பெட்டிலயும் பரவி இருக்காதுங்களே?" அப்படியே கணக்கா போட்டார். 60 கார்ட்டன், ஒவ்வொண்ணுலயும் 40 பீஸ், மொத்தம் 2,400. கறை சரக்கு மூணே மூணு கார்ட்டன்ல, 120 பீஸ், அதாவது அஞ்சு பர்சென்ட். இன்ஸ்பெக்டர் வழக்கம் போல கார்ட்டன் எண்ணிக்கைக்கு ஸ்கொயர் ரூட் போட்டு எட்டு பெட்டி திறக்கறாரு, பெட்டிக்கு 15, 16 பீஸ்னு 125 எடுக்கறாரு. அந்த மூணு பெட்டியுமே மாட்டாம தப்பிக்க எவ்வளவு வாய்ப்பு? 100-க்கு 64, 65! ஒரு கறை கூட கண்ணுல படாது. ஒரே ஒரு கறை பெட்டி மாட்டினாலும் பதினஞ்சு டிஃபெக்ட் ஒரே அடியா வந்து லாட்டே ஃபெயில். சுத்த லாட்டரி. அதே 125 பீஸ 60 பெட்டிலயும் ரெண்டு ரெண்டா எடுத்திருந்தா சராசரியா ஆறு கறை பீஸ் கைல வந்திருக்கும், பாஸே ஆனாலும் "என்னப்பா இத்தனை ஆயில் கறை"ன்னு தோண்ட ஆரம்பிச்சிருப்போம். டேபிள்ல இருக்கற 125 இந்த ரெண்டாவது மாதிரி எடுக்கறதுக்கு தான் பேசுது. ஆனா 60 பெட்டியும் பிரிச்சு ஒட்ட யாருக்கு நேரம் இருக்கு, டேப் செலவு யாரு குடுப்பா, ட்ரக் வெளிய நிக்குது. அதனால சார் சொன்ன வழி, முடிஞ்ச வரைக்கும் பெட்டி நிறைய, பெட்டிக்கு பீஸ் கம்மி, எல்லா கலர் எல்லா சைஸும் வர்ற மாதிரி பிரிச்சு, அதுக்குள்ள குலுக்கி எடுங்க, பேக்கிங் தேதி தெரிஞ்சா அது வாரியாவும் பிரிங்க. அந்த அக்காவுக்கு எல்லாரும் கை தட்டினாங்க. பெரிய படிப்பு படிச்சவங்க நாங்க பத்து பேர் உக்காந்திருந்தோம், எங்களுக்கு தோணல.

இப்ப குறை. ஸ்லைடு முழுக்க இங்கிலீஷ், பேசறது தமிழ். செக்கிங்ல இருந்து வந்த பாதி பேருக்கு ஸ்லைடு பிரயோஜனமே இல்ல, அவங்க தானே கைல பீஸ் எடுக்கறவங்க? ஏக்யூஎல் டேபிள ஜெராக்ஸ் போட்டு குடுத்தாங்க, அந்த அம்புக்குறி இருக்கற கட்டம் எல்லாம் மங்கி மேல போறதா கீழ போறதான்னே தெரியல, அதுல தான் கோட்டை விடுவாங்க எல்லாரும். ஸ்விட்சிங் ரூல் பத்தி கடைசி பத்து நிமிஷத்துல ஓட்டிட்டார். அஞ்சு லாட்ல ரெண்டு ஃபெயில் ஆனா டைட்டன்டுக்கு (இன்னும் கறாரான செக்கிங்குக்கு) மாறணும், அப்புறம் தொடர்ந்து அஞ்சு பாஸ் ஆனா தான் நார்மலுக்கு திரும்பணும், அந்த ஸ்டாண்டர்டோட பல்லே இது தான். ஒவ்வொரு லாட்டையும் தனியா பார்த்தா மேல சொன்ன அஞ்சு பர்சென்ட் பார்ட்டி தொடர்ந்து தப்பிச்சுட்டே இருப்பான், வரிசையா பார்த்தா தான் மாட்டுவான். இதுக்கு ஒரு மணி நேரம் குடுத்திருக்கணும், அதுக்கு பதிலா வாழ்க்கைல முன்னேறறது எப்படின்னு மோட்டிவேஷன் வீடியோ ஒண்ணு போட்டாங்க, தேவையா?

வரலாறும் கொஞ்சம் வரும்னு எதிர்பார்த்தேன், வரல. இந்த டேபிள் எல்லாம் அமெரிக்க டெலிஃபோன் கம்பெனியோட ஆராய்ச்சிக் கூடம் பெல் லேப்ஸ்ல டாட்ஜ், ரோமிக் ரெண்டு பேர் போட்ட கணக்குல இருந்து கிளம்பி, ரெண்டாம் உலகப் போர் நேரத்துல அமெரிக்க ராணுவம் கைல போய், 1950-ல மில் ஸ்டாண்டர்ட் 105 (மில்னா மிலிட்டரி) ஆனது. அதே பெல் லேப்ஸ்ல க்வாலிட்டி கண்ட்ரோல் சார்ட் கண்டுபிடிச்ச ஷூவார்ட்ட, நம்ம ஊர் புள்ளியியல் மேதை மஹாலனோபிஸ் தான் சுதந்திரம் வாங்கின சமயத்துல இந்தியாவுக்கு கூப்பிட்டு வந்தார். மஹாலனோபிஸ் ஆரம்பிச்ச ஐஎஸ்ஐ-யோட (இந்தியன் ஸ்டாடிஸ்டிக்கல் இன்ஸ்டிடியூட், ஐஎஸ்ஐ முத்திரை இல்ல) க்வாலிட்டி யூனிட் ஒண்ணு நம்ம கோயம்புத்தூர்லயே இருக்கு, மில்லு ஊருங்கறதால. பக்கத்து ஊர் விஷயத்த ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஆன்லைன்ல அவங்களுக்கு 4.9 ஸ்டார் போட்டிருக்கு, அத நம்பி போகாதீங்க. கடைசி நாள் சர்டிஃபிகேட் குடுக்கறதுக்கு முன்னாடி க்யூஆர் கோட நீட்டி "ரிவியூ போட்டுட்டு வாங்க"ன்னு வாங்கறாங்க, முதல் ஞாயிறோட நின்னு போனவங்க யாரும் அந்த வரிசைல இல்ல. சாம்ப்ளிங் கிளாஸ்ல இப்படி ஒரு சாம்பிள்! நானா இருந்தா மூணரை, நாலு குடுப்பேன்.

செக்கிங் சூப்பர்வைசர், க்யூசி, புதுசா சேர்ந்த மெர்ச்சண்டைசர் தாராளமா போகலாம். காலேஜ் எக்ஸாமுக்கோ டிஎன்பிஎஸ்சி ஸ்டாடிஸ்டிக்ஸ் பேப்பருக்கோ படிக்கறவங்க போக வேண்டாம், ப்ரூஃப், டெரிவேஷன் எதுவும் கிடையாது. சேர்றதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி ரெண்டு விஷயம் கேளுங்க, ஸ்லைடு தமிழ்ல இருக்கா, ஸ்விட்சிங் ரூலுக்கு எவ்வளவு நேரம். டேபிள் நீங்களே நல்ல பிரிண்ட் எடுத்துட்டு போயிடுங்க. பார்க்கிங் சுத்தமா இல்ல, டூ வீலரே தெருமுனைல தான் விடணும், மத்தியான சாப்பாடு ஃபீஸ்ல சேர்த்தி, சுமார் தான், தயிர் சாதம் மட்டும் நல்லா இருந்துச்சு.