கிம்மல் திடீரென்று காணாமல் போனால் எதில் பார்ப்பது?

2025 செப்டம்பர் 23 இரவு, சில நாள் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த அமெரிக்க இரவு நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஜிம்மி கிம்மல் மறுபடி மேடையேறினார். நியூயார்க்கில் 11.35-க்கு ஏபிசி நெட்வொர்க்கை வைத்தவர்களுக்கு அவர் முகம் தெரிந்தது. வாஷிங்டனிலும் சியாட்டிலிலும் அதே 11.35-க்கு, அதே ஏபிசியில், செய்தி ஓடிக்கொண்டிருந்தது. கேபிள் பழுதில்லை, ஆன்டெனா கோளாறில்லை. நெட்வொர்க்கின் நிகழ்ச்சியை அந்தந்த ஊரில் ஒளிபரப்பும் உள்ளூர் நிலையத்தின் முதலாளி நிகழ்ச்சியைப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார், அவ்வளவுதான்.

அரசியல் பேசும் இரவு நிகழ்ச்சிகளுக்காகச் சந்தா கட்டுபவர்கள் படத் தரத்தையும் விலையையும் பார்க்குமுன் வேறொன்றைப் பார்க்க வேண்டும். ஸ்டூடியோவுக்கும் உங்கள் திரைக்கும் நடுவில் எத்தனை கைகள் இருக்கின்றன? ஆன்டெனா, யூடியூப் டிவி, ஹுலு, வெறும் யூடியூப் ஆகிய நான்கையும் இங்கே அந்தத் தராசில்தான் நிறுத்துகிறோம்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வலதுசாரி ஆர்வலர் சார்லி கர்க் கொலையை ஒட்டி கிம்மல் 15-ஆம் தேதி பேசியது பிரச்சினையானது. 17-ஆம் தேதி அமெரிக்க ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான எஃப்சிசியின் தலைவர் பிரெண்டன் கார் வெளிப்படையாகவே எச்சரித்தார். அன்றே, ஊர் ஊராக நிலையங்கள் வைத்திருக்கும் நெக்ஸ்டார் நிறுவனம் தன் நிலையங்களிலிருந்து நிகழ்ச்சியை எடுத்தது, ஏபிசியும் காலவரையின்றி நிறுத்தியது, அதே போன்ற இன்னொரு நிறுவனமான சின்க்ளேரும் சேர்ந்துகொண்டது. இதில் கவனிக்க வேண்டியது, எஃப்சிசி உரிமம் கொடுப்பது நிலையங்களுக்குத்தான், நெட்வொர்க்குக்கு அல்ல. கேபிளுக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் அப்படி ஒரு உரிமமே கிடையாது. நெக்ஸ்டாரோ அப்போது டெக்னா என்ற மற்றொரு நிலைய நிறுவனத்தை 620 கோடி டாலருக்கு வாங்க எஃப்சிசி ஒப்புதலை எதிர்பார்த்து நின்றது. பிடி எங்கே இருந்தது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. ஏபிசி ஆறு நாளில் இறங்கி வந்தது. இந்த இரண்டு நிறுவனங்களும் 26-ஆம் தேதி வரை விடவில்லை. இரண்டின் கையிலும் இருந்த ஏபிசி நிலையங்கள் அமெரிக்க வீடுகளில் ஏறக்குறைய கால்பங்கைச் சென்றடைகின்றன.

ஆன்டெனா. ஒருமுறை செலவு, பிறகு மாதக் கட்டணம் இல்லை. படமும் பெரும்பாலும் கேபிளைவிடத் தெளிவு. ஆனால் உங்கள் ஊர் நிலையம் யாருடையது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், சிகாகோ, பிலடெல்பியா, சான் பிரான்சிஸ்கோ, ஹூஸ்டன், ராலி-டரம், ஃப்ரெஸ்னோ ஆகிய எட்டிலும் ஏபிசியே சொந்தமாக நிலையம் வைத்திருக்கிறது. அங்கே இடைத்தரகர் இல்லை. மற்ற ஊர்க்காரர்கள் எஃப்சிசி தளத்தின் பொதுக் கோப்பில் நிலையத்தின் அழைப்பெழுத்துகளைப் போட்டால் உரிமையாளர் பெயர் வரும். அதோடு நிற்க வேண்டாம். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, ஒப்பந்தத்தில் இன்னொருவர் நடத்தும் நிலையங்கள் நிறைய உண்டு. நிலையத்தின் இணையதளத்தில் கடைசி வரிவரை இறங்கிப் பாருங்கள். பதிப்புரிமை வரியில் நெக்ஸ்டார் மீடியா என்று இருந்தால் விஷயம் தெரிந்துவிடும்.

வாங்கும்போது நடக்கிற தவறு ஒன்று உண்டு. ஜன்னலில் ஒட்டும் மெல்லிய தகடு ஆன்டெனா யுஎச்எஃப்பை (மேல் எண் சேனல்களின் அலைகளை) நன்றாகப் பிடிக்கும், விஎச்எஃப்பில் (2 முதல் 13 வரையிலான சேனல்களில்) தடுமாறும். பல பெரிய ஊர்களில் ஏபிசி இன்னும் விஎச்எஃப்பில்தான் வருகிறது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், வாஷிங்டன் மூன்றிலும் உண்மையில் ஒளிபரப்பாகும் சேனல் எண் 7. பிலடெல்பியாவில் 6, அதாவது இன்னும் கீழே. பழைய முயல்காது ஆன்டெனாவே இதற்குச் சரி. 7-க்கு ஒவ்வொரு கம்பியையும் சுமார் 40 செ.மீ. நீட்டினால் போதும். பிலடெல்பியாவின் 6-க்கு 85 செ.மீ. வரை இழுக்க வேண்டும். கடையில் கிடைக்கும் குட்டைக் கம்பி அந்த நீளத்துக்கு வராது. கோபுரம் பக்கத்தில் இருந்தால் ஆம்ப்ளிஃபையர் போடவே வேண்டாம். சிக்னல் நிரம்பி வழிந்து, இருக்கிற சேனலும் போய்விடும்.

வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஆன்டெனாவை வடகிழக்கே திருப்பினால் பால்டிமோரின் ஏபிசியான சேனல் 2 கிடைக்கும். அது ஸ்க்ரிப்ஸ் நிறுவனத்தினுடையது, கிம்மலை நிறுத்தவில்லை. (அந்த ஸ்க்ரிப்ஸையும் வாங்க 2025 நவம்பரில் சின்க்ளேர் விலை பேசியது, ஸ்க்ரிப்ஸ் மறுத்துவிட்டது. ஆகவே திருப்பி வைத்த ஆன்டெனாவை ஆணி அடித்து நிரந்தரமாக்க வேண்டாம்.)

யூடியூப் டிவி. மாதம் 82.99 டாலர். இணையத்தில் வருவதால் நிலையத்தைத் தாண்டிப் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உங்கள் ஊர் நிலையத்தின் அதே ஒளிபரப்புதான், குழாய் மட்டும் வேறு. அந்த நாட்களில் சின்க்ளேர் ஊரில் இருந்தவர்களுக்கு 11.35-க்கு நேரலையில் இதிலும் செய்திதான். போதாக்குறைக்கு 2025 அக்டோபர் 30 முதல் நவம்பர் 14 வரை ஏபிசியின் தாய் நிறுவனமான டிஸ்னியோடு கட்டணத் தகராறில் ஏபிசி, ஈஎஸ்பிஎன் எல்லாமே இதில் காணாமல் போயின. இந்த ஒரு தேவைக்காக மட்டும் என்றால் இதை வாங்கவே கூடாது. கால்பந்தும் வேண்டும் என்பவர்கள் கணக்கு வேறு.

ஹுலு. டிஸ்னியின் ஸ்ட்ரீமிங் தளம். நால்வரில் கெட்டிக்காரன் இதுதான். முழு நிகழ்ச்சி மறுநாள் வந்துவிடும். உள்ளூர் நிலையத்தின் கை இதில் படாது. செப்டம்பர் 23 நிகழ்ச்சியை வாஷிங்டன்காரர்கள் முழுசாகப் பார்த்தது இப்படித்தான். விளம்பரத்தோடு 9.99 டாலராக இருந்தது, 2025 அக்டோபர் 21 முதல் 11.99 ஆனது. விலை ஏற்றத்தை அறிவித்ததும் கிம்மல் திரும்பிய அதே நாளில்தான். நல்ல நேரம் பார்த்தார்கள். வாங்கும்போது பெயரில் ஏமாற வேண்டாம். ‘லைவ் டிவி’ சேர்ந்த ஹுலு பல மடங்கு விலை. அதில் வரும் நேரலை ஏபிசி, யூடியூப் டிவியைப் போலவே உள்ளூர் நிலையத்தைத்தான் காட்டும்.

ஹுலுவுக்கும் எல்லை உண்டு. டிஸ்னியே நிறுத்திவிட்டால் இதிலும் புதிதாக எதுவும் வராது. செப்டம்பர் 17 முதல் 22 வரை அதுதான் நிலை. பழையது பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2018 மே 29 அன்று நடிகை ரோசன் பாரின் இனவெறி ட்வீட்டுக்காக ஏபிசி அவருடைய தொடரை ரத்து செய்தபோது ஹுலுவும் அதை எடுத்துவிட்டது.

வெறும் யூடியூப். இலவசம், அன்றிரவே வரும், எந்த நிலையமும் குறுக்கே வராது. தொடக்கப் பேச்சு கிடைக்கும். விருந்தினர் பகுதி துண்டு துண்டாக வரும், முழு நிகழ்ச்சி வராது. திரும்பி வந்த இரவின் பேச்சை ஒரே நாளில் 1 கோடி முறைக்கு மேல் பார்த்தார்கள். அரசியல் பேச்சுக்காக மட்டும் பார்ப்பவர்களுக்கு இதுவே போதும்.

மற்ற இடங்கள் பற்றி ஓரிரு வரி. சிபிஎஸ் நெட்வொர்க்கின் இரவுத் தொகுப்பாளர் ஸ்டீபன் கோல்பேர் விஷயத்தில் எந்த வழியும் உதவாது: நெட்வொர்க்கே 2026 மே மாதத்தோடு நிகழ்ச்சி முடியும் என்று அறிவித்தது, பணக் காரணம் என்றது. அறிவிப்பு வந்தது, தாய் நிறுவனம் டிரம்புக்கு 1.6 கோடி டாலர் கொடுத்ததை அவர் மேடையில் லஞ்சம் என்று சொன்ன அதே வாரத்தில். இன்னொரு தொகுப்பாளர் பில் மார் 2001-இல் செப்டம்பர் 11 தாக்குதல் பற்றிச் சொன்ன வார்த்தைக்கு விளம்பரதாரர்கள் ஓடினார்கள், 2002-இல் ஏபிசி நிகழ்ச்சி போனது. 2003 முதல் சந்தாச் சேனலான எச்பிஓவில் இருக்கிறார். அங்கே விளம்பரமும் இல்லை, உள்ளூர் நிலையமும் இல்லை. 2023 ஏப்ரலில் ஃபாக்ஸ் நியூஸ் அனுப்பிவிட்ட தொகுப்பாளர் டக்கர் கார்ல்சன் அதே ஆண்டு சொந்தத் தளம் தொடங்கியபோது மாதம் 9 டாலர் விலை வைத்தார். நடுவில் கையே இல்லாத வழி அது. ஒருவருக்காக ஒரு சந்தா என்பது கட்டுப்படியாகுமா என்று அவரவர் பார்த்துக்கொள்ளலாம்.

ஹுலுவில் ஆண்டுச் சந்தா தள்ளுபடி காட்டி இழுக்கும். மாதச் சந்தாவே போடுங்கள். கிம்மலின் ஒப்பந்தத்தை நீட்டியிருப்பது 2027 மே வரைதான்.