இரட்டை டேங்க் பழைய வேன்: பெட்ரோல் எங்கே நிற்கிறது?

சமதளத்தில் ஒழுங்காக ஓடி, ஏற்றம் வந்தால் மட்டும் மூச்சு வாங்கும் வண்டிக்கு எடுத்த எடுப்பில் பம்ப் மாற்றிவிடுவார்கள். இரட்டை டேங்க் வேனில் அந்த அவசரம் தேவையில்லை. டேங்க் மாற்றும் சுவிட்சே முதல் சோதனைக் கருவி. இன்ஜின் முக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த டேங்க்குக்கு மாற்றி, ஒரு நிமிடம் பொறுங்கள். சரியாகிவிட்டால் கோளாறு அந்த ஒரு டேங்க்கைச் சேர்ந்தது: அதன் பம்ப், அடியில் இருக்கும் வலை பில்டர், உள்ளே இருக்கும் ரப்பர் ஹோஸ், அதற்குப் போகும் வயர், மூடியின் காற்று வழி. இரண்டிலும் முக்கினால் பொதுவான இடங்களைப் பாருங்கள்: மெயின் பில்டர், பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே, மோதல் அதிர்ச்சியில் பம்ப்பை நிறுத்தும் இனர்ஷியா சுவிட்ச், பிரஷர் ரெகுலேட்டர், டேங்க் மாற்றும் வால்வு.

ஒரு டேங்க்கை வருடக்கணக்கில் தொடாமல் ஓட்டிய வண்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது. அதன் பம்ப் எப்போதோ இறுகிப் போயிருக்கும். இப்போது கெட்டது இன்னொன்று.

எந்த அமைப்பு என்று தெரியாமல் பெட்ரோல் பிரஷர் அளக்கும் கேஜ் மாட்டிப் பயனில்லை. கார்புரேட்டர் வண்டியில் இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப். 5 முதல் 7 பிஎஸ்ஐ (பிரஷரின் அளவு) போதும். இதில் பெரும்பாலும் ஏமாற்றுவது டேங்க்கிலிருந்து பம்ப் வரையுள்ள ஹோஸ். உறிஞ்சும் பக்கம் என்பதால் விரிசல் விட்டாலும் வெளியே ஒழுகாது, காற்றை மட்டும் இழுக்கும். கேனிலிருந்து புது ஹோஸ் போட்டு நேராக பம்ப்புக்குக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அழுத்தத்தில் தெளிக்கும் ஆரம்பகால இன்ஜெக்ஷன் ஃபோர்டு வண்டிகளில் டேங்க்குக்குள் சிறு பம்ப், வெளியே சேஸிஸில் ஹை பிரஷர் பம்ப் என்று இரண்டு கட்டம். சேஸிஸ் பம்ப் ஊளையிட்டால் அதை மாற்றுவதற்கு முன் டேங்க்கை மாற்றிக் கேளுங்கள். ஒரு டேங்க்கில் மட்டும் ஊளை என்றால், அதற்குத் தீனி போடும் உள் பம்ப் நின்றுவிட்டது. அப்படியே ஓட்டினால் நல்ல பம்ப்பும் சேர்ந்து போகும்.

அந்த வண்டிகளின் வி8 இன்ஜெக்ஷனில் சாவி போட்டதும் 35 முதல் 45 பிஎஸ்ஐ ஏற வேண்டும். ஐடிலில் சுமார் 30; ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றினால் 40 பக்கம் போக வேண்டும். அந்த ஹோஸுக்குள் பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டரின் உள்சவ்வு (டயாஃப்ரம்) கிழிந்துவிட்டது. மேலே யோசிக்க வேண்டாம். நின்ற வண்டியில் பிரஷர் நன்றாகக் காட்டி, இழுவையில் மட்டும் விழுவது பில்டர் அடைப்பின் அடையாளம். நீள ஹோஸ் உள்ள கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே டேப் போட்டு ஒட்டி ஏற்றம் ஏறிப் பாருங்கள். கேபினுக்குள் கேஜைக் கொண்டுவரவே கூடாது. கழற்றிய பில்டரின் டேங்க் பக்கத்தை வெள்ளைக் கிண்ணத்தில் கவிழ்த்தால் மற்றதும் தெரியும்: செம்மண் நிறத்தில் தூள் என்றால் டேங்க் துரு, கறுப்புத் துணுக்கு என்றால் ஹோஸ் கரைகிறது, அடியில் தனித்து உருளும் குமிழ் என்றால் தண்ணீர்.

வோல்டேஜ் அளப்பதில் ஒரே தவறைத்தான் எல்லோரும் செய்கிறார்கள்: கனெக்டரைக் கழற்றிவிட்டு அளப்பது. கரண்ட் இழுக்காதபோது பழுதான வயரும் 12.6 காட்டக்கூடும். பம்ப் ஓடும்போது பின்பக்கமாக முனையை நுழைத்து அளந்து, பேட்டரியோடு ஒப்பிடுங்கள். ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் எங்கோ தின்கிறது. எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பம்ப்பின் முழுக் கரண்டும் டேஷ்போர்டு சுவிட்ச் வழியாகவே போகும் வண்டிகளில், சுவிட்சைப் பிடுங்கி பின்னால் பாருங்கள்: ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருக்கும். புது சுவிட்ச் மட்டும் மாட்டினால் அதுவும் கருகும். அந்த டெர்மினலையும் வெட்டி மாற்ற வேண்டும்.

உண்மையில் பயப்பட வேண்டிய கோளாறு வேறு. இன்ஜெக்ஷன் வண்டியில் எரியாத பெட்ரோல் ரிட்டர்ன் லைனில் திரும்பி வரும், எடுத்த டேங்க்குக்கே வர வேண்டும். வால்வு தேய்ந்துவிட்டால் முன் டேங்க்கில் எடுத்தது பின் டேங்க்கில் போய் விழும். முன் டேங்க் வேகமாக வற்றும், மைலேஜ் போச்சு என்று தோன்றும். பின் டேங்க் நிறைந்திருந்தால் மூடி வழியே தரையில் கொட்டும், சைலன்ஸர் சூட்டுக்குப் பக்கத்தில். சந்தேகம் வந்தால் இரண்டையும் பாதி அளவில் வைத்து, ஒன்றில் மட்டும் 20 நிமிடம் ஓட்டுங்கள். மற்றதன் முள் ஏறினால் முடிவு தெளிவு. டேங்க் மாற்றும் வால்வு தனிப் பெட்டியாக இருந்தால், சுவிட்சைத் தட்டியதும் அதிலிருந்து சின்னச் சத்தம் கேட்க வேண்டும். டேஷ்போர்டில் பெட்ரோல் அளவு காட்டும் கேஜின் முள் மாறுவதை மட்டும் நம்பாதீர்கள். பல வால்வுகளில் கேஜ் வயரும் அதன் வழியே போகிறது, உள்ளே கியர் நழுவினாலும் முள் மாறக்கூடும்.

மூடியைத் திறந்ததும் பெருமூச்சு போல் காற்று உள்ளே இழுத்து, வண்டி சட்டென்று தெளிந்தால் காற்று வழி அடைப்பு. டேங்க் இறக்கவே வேண்டாம்.

இறக்கத்தான் வேண்டும் என்றால் முதலில் காலி செய்யுங்கள். 60 லிட்டர் என்றால் 45 கிலோ ஆடும் எடை. பிரஷரை வெளியேற்றி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, பல்பு விளக்கு இல்லாமல் வேலை செய்யுங்கள். வேனின் தரைத்தகட்டில் ஓட்டை போட்டு பம்ப் எடுக்கும் குறுக்கு வழிக்கு கிரைண்டர் எடுப்பது தற்கொலைக்குச் சமம். உள்ளே போடும் ஹோஸ் ஜே30ஆர்10 என்று அச்சிட்டதாக இருக்கட்டும். வெளியே போடும் சாதாரண பெட்ரோல் ஹோஸ், முழுக்க பெட்ரோலில் மூழ்கினால் வெளிப்பக்கத்திலிருந்து ஊதி வெடிக்கும். அப்போது பம்ப் ஓடும், கரண்ட் சரியாக இருக்கும், பிரஷர் மட்டும் வராது.