டூம் ஆஃப் அனிஹிலேஷன்: பொறிகளுக்காக இல்ல, சுல்ட் காட்டோட வரலாற்றுக்காக வாங்குங்க

ஆளுக்கு ஒரு கேரக்டரா மாறி, டைஸ் உருட்டி கதை ஆடற டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டோட அஞ்சாவது எடிஷனுக்கு 2017ல வந்த கதை புக் இது, 256 பக்கம், ஒண்ணாவது லெவல்ல ஆரம்பிச்சு கிட்டத்தட்ட பதினொண்ணாவது லெவல் வரைக்கும் போற ஒரே பெரிய கதை. இதப் பத்தி யார்கிட்ட கேட்டாலும் கடைசில வர்ற அந்த ஆறு அடுக்கு கல்லறையப் பத்தி தான் பேசுவாங்க, எந்தப் பொறில யாரோட கேரக்டர் செத்துச்சுன்னு கதை கதையா சொல்லுவாங்க. எனக்கு அது ரெண்டாம்பட்சம். நாங்க சிங்கப்பூர்ல ஒரு சின்ன குரூப், வார இறுதில வீட்டு ஹால்ல உக்காந்து முழுக்க தமிழ்லயே ஆடுறவங்க, நான் தான் கேம் மாஸ்டர், அதாவது கதைய நடத்தறவன். எங்க டேபிள்ல இந்த புக்க தூக்கி நிறுத்துனது சுல்ட்ங்கற அந்தக் காட்டு தேசத்தோட வரலாறு தான், அதனால அதப் பத்தி தான் இங்க எழுதறேன். இந்தக் கதைய ஆடப் போறவங்க இதோட நிறுத்திக்கங்க, கீழ எல்லா ரகசியமும் வெளிய வரும். நடத்தப் போறவங்க தாராளமா படிங்க.

சுல்ட்ங்கறது இந்த விளையாட்டோட கற்பனை உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ல தென்மேற்குல நீட்டிக்கிட்டு இருக்கற ஒரு தீபகற்பம். அடர்ந்த காடு, எரிமலை, டைனோசர். அங்க உப்டாவ்னு ஒரு தெய்வம், அவரோட அடையாளமே ஒரு புதிர்ப்பாதை, வாழ்க்கையே அப்படி ஒரு பாதைதான்னு அந்த ஜனங்க நம்புறாங்க. அவரோட புனித நகரம் மெஸ்ரோ, அத காக்க "பாரே"ங்கற பேர்ல அவரே தேர்ந்தெடுத்த வீரர்கள். அந்த வீரர்கள்ல ஒருத்தன் தான் ராஸ் என்சி, வழி தவறிப் போயி நாடு கடத்தப்பட்டவன், அந்தக் கோபத்துல செத்தவங்கள எழுப்பி ஒரு பெரும்படை சேத்தான். அவனோட போர் முடிஞ்சு எத்தனையோ காலம் ஆச்சு, ஆனா அந்தப் படை கலையல, இன்னிக்கும் காட்டுக்குள்ள நீங்க மரத்த சுத்தி திரும்பினா எதிர்ல வர்ற ஸாம்பி எல்லாம் அந்தப் பழைய போரோட மிச்சம். இது தான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம். நெறைய ஃபேண்டஸி புக்ல வரலாறுன்னா முதல் இருபது பக்கம், ராஜா பேரு, போர் பேரு, வருஷம், அப்புறம் கதைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. இங்க ஒவ்வொரு பழைய சம்பவமும் தரைல ஏதாவது ஒண்ண விட்டுட்டுப் போயிருக்கு, ஆடுறவங்க அதுமேல கால் வெச்சு தான் ஆகணும், அப்பத்தான் அவங்களா கேக்கறாங்க, இது எப்படி இங்க வந்துச்சுன்னு.

ராஸ் என்சி கூட இன்னும் உயிரோட தான் இருக்கான், யுவான்டி எனப்படற பாம்பு மனுசங்களோட சேந்து பாதி பாம்பா மாறி. அவன் ஒரு தடவ செத்துப் பொழச்சவன்ங்கறதால கதையோட முக்கிய பிரச்சனையான சாவு சாபம், அதாவது செத்துப் பொழச்சவங்கள கொஞ்சம் கொஞ்சமா உருக்கற சாபம், அவனையும் அரிக்குது. வில்லனுக்கும் நம்மளுக்கும் ஒரே எதிரின்னு தெரிய வர்ற இடத்துல எங்க டேபிள்ல ரொம்ப நேரம் யாருமே டைஸ தொடல, வாக்குவாதம் மட்டும் தான்.

அடுத்து நியான்ஸாரு துறைமுகம். சுல்ட்ல பெரிய நகரம்னு இருக்கறது இது தான். ரொம்ப நாள் வடக்குல இருக்கற அம்ன்ங்கற வியாபார தேசத்தோட கைல கெடந்துச்சு, சில வருஷத்துக்கு முன்னாடி தான் சுல்ட் ஜனங்க திரும்ப தங்க கைக்கு எடுத்துக்கிட்டாங்க. இப்ப அங்க ராஜா இல்ல, ஏழு வணிக இளவரசர்கள், ஒவ்வொருத்தருக்கும் சில சரக்குகள்ல தனி உரிமை. மிருகங்கன்னா ஒருத்தர், ரத்தினமும் துணியும்னா ஒருத்தர், பழம் எண்ணெய் ஒயினுக்கு ஒருத்தர், மந்திர சாமானுக்கு ஒருத்தர், காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போற வழிகாட்டிங்களுக்குக் கூட ஜோபல்னு ஒரு ஆள் இருக்கார். வழிகாட்டிக்கு ஒரு நாளைக்கு 5 பொற்காசு, முப்பது நாள் காச முன்கூட்டியே கட்டணும். எங்க குரூப்ல ஒரு அண்ணன் ஷிப்பிங்ல வேல பாக்குறவர், இத கேட்ட உடனே நிமுந்து உக்காந்துட்டார். "தம்பி, இந்த ஏழு பேர்ல பெர்த் சார்ஜ் யாருக்குப் போகுது?" அப்படின்னார், கப்பல் வந்து நிக்கறதுக்கான கட்டணத்த தான் கேக்கறார். அந்தக் கேள்விலயே ஒரு முழு செஷன் ஓடிருச்சு, யாரும் கத்திய கூட உருவல. துறைமுகத்த வெச்சே பொழைக்கற ஊர்ல இருக்கற நமக்கு நியான்ஸாரு சட்டுன்னு ஒட்டிக்குது, வெளியூர்க்காரன் வர்றான், சரக்கு மாறுது, எல்லாரும் எல்லா பாஷையும் கொஞ்சம் கொஞ்சம் பேசறாங்க, மதில் வெளிய ஏழை ஜனம், தெருவுல டைனோசர் ரேஸ். ராஜ்ஜியம் அழிஞ்ச பின்னாடி அதோட ஜனங்க என்ன ஆனாங்கங்கறதுக்கு இந்த புக் சொல்ற ஒரே உயிருள்ள பதில் இந்த நகரம் தான், அதனால இங்க அவசரப்படாதீங்க. பல பேர் ஒரே ராத்திரில முடிச்சுட்டு காட்டுக்குள்ள ஓடிடறாங்க, அப்புறம் எதுக்குமே கனம் இருக்காது.

இப்ப ஓமு. புக்கோட இதயம் இது. காட்டுக்கு நடுவுல பள்ளத்தாக்குல கெடக்கற, யாரும் போகக்கூடாதுன்னு சொல்ற நகரம். உப்டாவ் ஜனங்கள கைவிட்டுட்டுப் போன பிறகு ஓமு மக்கள் அனாதையா நிக்கறாங்க, அப்ப அவங்க பக்கம் வந்தது ஒன்பது சின்ன தெய்வங்க, எல்லாம் காட்டு உயிரினங்க உருவம். குபஸான் தவள மாதிரி ஒரு பூதம், பயமே தெரியாதவன். ஓபோலாகா எதுக்கும் யோசிச்சு யோசிச்சு கால் வெக்கறவ. ஐஜின் கொம்பு முயல், உங்க்ங்கறது நத்த, மோவா பாஞ்சு தாக்கற பாம்பு, இன்னும் ஷகம்பி, நங்நங், பாப்பஸோட்ல், வோங்கோ. பெரிய சாமி பதில் சொல்லாதப்ப ஊர் எல்லைல இருக்கற காவல் தெய்வத்துக்கிட்ட போறது நம்ம ஆளுங்களுக்கு சொல்லிக் குடுக்க வேண்டியதா என்ன, எங்க டேபிள்ல இந்தப் பகுதிக்கு நான் விளக்கமே சொல்லல. ஒரு தங்கச்சி குபஸான் சன்னதிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அவளோட கேரக்டர் செருப்ப கழட்டி வெளிய வெச்சுட்டுப் போறதா சொன்னா. புக்ல அப்படி எதுவும் இல்ல. ஆனா அதுக்கப்புறம் எல்லாரும் ஒவ்வொரு சன்னதிலயும் அதையே செஞ்சாங்க.

ஒன்பது சன்னதி, ஒவ்வொண்ணுலயும் ஒரு புதிர்க் கட்டை, அத எல்லாம் சேத்தா தான் கல்லறைக் கதவு தொறக்கும். இந்த சன்னதி எல்லாமே அந்தந்த தெய்வத்தோட குணத்துக்கு ஏத்த மாதிரி அமைச்சிருக்காங்க, அதனால கதை தெரிஞ்சவனுக்கு வழி தெரியும், கதைய காதுல வாங்காதவன் அடி வாங்குவான். வரலாறு இங்க சும்மா அலங்காரத்துக்கு இல்ல, உயிர் பொழைக்கற வழியே அது தான். கல்லறைக்குள்ள போன பிறகு இந்த தெய்வங்களோட ஆவி ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கேரக்டர் மேல வந்து இறங்கும், ஒரு சக்திய குடுக்கும், கூடவே ஒரு குணக்கேடும் குடுக்கும். சாமி வந்து ஆடுறத பாத்து வளந்தவங்க இத ஆடிப் பாக்கணும், வேற எந்த புக்லயும் எனக்கு இப்படி ஒரு அனுபவம் கெடச்சதில்ல.

அப்புறம் அசெரராக் வர்றான். பல உலகம் சுத்தற ஒரு லிச், அதாவது செத்தும் சாகாத மந்திரவாதி, 1970கள்லயே இந்த விளையாட்டுக்கு வந்த பழைய வில்லன். அவன் அந்த ஒன்பது தெய்வங்களையும் கொல்றான், ஓமு ஜனங்கள அடிமையாக்கி அந்த தெய்வங்களுக்கே கல்லறை கட்ட வெக்கறான், கட்டி முடிச்சதும் அவங்களையும் கொன்னு உள்ளயே பொதைக்கறான். படிக்கும்போதே வயிறு கலங்குது. ஆனா எனக்கு இந்த புக் மேல இருக்கற பெரிய வருத்தமும் இங்க தான் ஆரம்பிக்குது. ஓமு எப்படி செத்துச்சுன்னு அவ்வளவு விவரம், எப்படி வாழ்ந்துச்சுன்னு கேட்டா பதில் ரொம்ப கம்மி. என்ன சாப்பிட்டாங்க, எந்தப் பயிர் வெச்சாங்க, மெஸ்ரோவோட அவங்களுக்கு ஒறவா பகையா, கடைசி ராணி நபாகாவுக்கு முன்னாடி யார் யார், தப்பிச்சு ஓடுனவங்க வம்சம் இப்ப எங்க, எதுவும் கைல நிக்காது. ஓமுவுல இருந்து மிச்சம்னு வர்றது பெரும்பாலும் பேயும் சிலையும் தான். வெளியில இருந்து வந்த ஒருத்தனோட கொடுமைக்கு மேடையா ஒரு முழு நாகரிகத்த பயன்படுத்தியிருக்காங்க, அது நியாயம் இல்ல. ஆப்பிரிக்காவோட பல பக்கத்துல இருந்து பேரையும் உடையையும் எடுத்து ஒண்ணா கலந்துட்டாங்கன்னு புக் வந்தப்பவே நெறைய பேர் சொன்னாங்க, அந்த விமர்சனமும் சரின்னு தான் நான் நெனைக்கறேன்.

அந்தக் குறைய நான் எப்படி நிரப்புனேன்னு சொல்றேன், நடத்தறவங்களுக்கு உதவும். தஞ்சை பெரிய கோயில்ல ராஜேந்திர சோழனோட மெய்க்கீர்த்தி இருக்குல்ல, 1025ல கடல் தாண்டிப் போயி அடிச்ச ஊர்களோட பட்டியல், மொத்தம் 13. ஒவ்வொரு ஊருக்கும் ஒரே ஒரு அடைமொழி. "ஆழ்கடல் அகழ்சூழ் மாயிருடிங்கமும்", "தேனக்க வார்பொழில் மாநக்கவாரமும்", "தொடுகடற் காவற் கடுமுரட் கடாரமும்". ஆழ்கடலே அகழியா இருக்கற ஊரு, தேன் சொட்டற சோலை உள்ள தீவு, கடலே காவலா நிக்கற முரட்டு ஊரு. ஒரு கேம் மாஸ்டருக்கு இத விட என்ன வேணும் சொல்லுங்க, ஒரு வரில ஒரு ராஜ்ஜியம் கண்ணு முன்னாடி நிக்குது. நான் ஓமுவுக்கு அக்கம்பக்கத்துல இதே பாணில அடைமொழி போட்டு சில அழிஞ்ச ஊர்கள உருவாக்குனேன். ஆனா இன்னொண்ணும் கவனிச்சேன், அந்த மெய்க்கீர்த்தி ஜெயிச்சவன் வாய்ல இருந்து வர்றது, தோத்த ஊர்க்காரன் ஒருத்தன் கூட அதுல பேசல. ஓமு கதையும் அப்படித்தான், கொன்னவன் கட்டுன கல்லறைய வெச்சு செத்தவங்கள தெரிஞ்சுக்கறோம். அதனால எங்க கதைல ஓமுவுல இருந்து தப்பிச்ச குடும்பத்தோட பேத்தி ஒருத்திய நியான்ஸாருவுல மீன் விக்கறவளா வெச்சேன், அவ பாட்டி சொன்ன கதையும் சன்னதில இருக்கற கதையும் சில எடத்துல ஒத்துப்போகாது. அந்த வித்தியாசத்த துப்பறியறதுல எங்க ஆளுங்க காட்டுன ஆர்வம் எனக்கே பெரிய சந்தோஷம்.

நம்ம ஊர்லயே கை நிறைய சரக்கு இருக்கு. ஃபோர்ட் கேனிங் மலை ஒரு காலத்துல யாரும் ஏறக்கூடாத மலை, பழைய ராஜாக்கள் அங்க இருக்காங்கன்னு மலாய் ஜனங்க நம்புனாங்க. 1928ல அங்க தோண்டும்போது தங்க நகை கெடச்சுது, 1984ல இருந்து முறையா அகழாய்வு பண்ணி 14ம் நூற்றாண்டு சாமான்கள வெளிய எடுத்தாங்க. ஆத்து முகத்துல இருந்த சிங்கப்பூர் கல்ல 1843ல வெள்ளக்காரங்க வெடி வெச்சு ஒடச்சுட்டாங்க, ஒரு துண்டு இன்னிக்கும் நேஷனல் மியூசியத்துல இருக்கு, அதுல இருக்கற எழுத்த இதுவரைக்கும் யாராலயும் முழுசா படிக்க முடியல. நான் அந்தத் துண்டோட படத்த பிரிண்ட் எடுத்து ஓமு வாசல்ல கெடந்த கல்லுன்னு குடுத்தேன். நேர்ல போயி பாத்துட்டு வந்தவங்களுக்கு அந்தக் காட்சி இன்னும் ஆழமா எறங்குச்சு.

காட்டுப் பயண விதிகள் நல்லா இருக்கு, சுருக்கமா சொல்லிடறேன். மேப் முழுக்க ஆறுகோணக் கட்டம், ஒரு கட்டம் பத்து மைல், நடந்தா பொதுவா நாளுக்கு ஒரு கட்டம், ஆத்துல படகுல போனா ரெண்டு. காலை, மதியம், ராத்திரின்னு மூணு தடவ ஆபத்துக்கு டைஸ் உருட்டணும். காட்டுத் தண்ணிய அப்படியே குடிச்சா தொண்டைல அட்டை, கொசு மருந்து பூசலன்னா நடுக்க நோய். ஆனா வாரக்கணக்குல நடக்கும்போது வெறும் உருட்டல் சலிச்சுப் போகும், அப்ப நங்கலோர் மாதிரி இடங்கள வழில கொண்டு வந்து போடுங்க, பாழடைஞ்ச தோட்டத்துல ஒரு காலத்துல ராணியா இருந்தவ, தலைமுடியெல்லாம் பாம்பா இருக்கற மெடூசாவா உக்காந்திருக்கா, புக்கோட சிறந்த சந்திப்புகள்ல அது ஒண்ணு.

கதை அமைப்புல நெஜமான ஒரு ஓட்ட இருக்கு. சாவு சாபம்னா, முன்னாடி செத்துப் பொழச்சவங்க தினமும் கொஞ்சம் கொஞ்சமா உருகறாங்க, ஆடுறவங்க கூட்டத்த இந்தப் பயணத்துக்கு அனுப்பற அம்மாவே அந்த நிலைல தான் இருக்காங்க. அவங்க உயிர் போறதுக்குள்ள ஓடணும்னு ஒரு பக்கம் அவசரம், இன்னொரு பக்கம் நிதானமா சுத்திப் பாருன்னு இவ்வளவு பெரிய காடு. ரெண்டும் சேராது. நான் சாபத்தோட வேகத்த பாதியா கொறச்சுட்டேன், மூச்சு விட நேரம் கெடச்சுது, வரலாறும் உள்ள எறங்குச்சு. நீங்களும் முதல் செஷனுக்கு முன்னாடியே இத மாத்திடுங்க.

புக் வந்தப்ப அட்டை விலை 49.95 அமெரிக்க டாலர், நம்ம ஊர் கடைகள்ல விலை முன்ன பின்ன இருக்கும், போன் பண்ணி கேட்டுட்டுப் போங்க. நான் முதல்ல வாங்குன கடைல குடுத்த காப்பில பின்னாடி வர்ற மடிப்பு மேப் கிழிஞ்சிருந்துச்சு, மாத்தித் தரமாட்டேன்னுட்டாங்க, அதனால காசு குடுக்கறதுக்கு முன்னாடி பிரிச்சு மேப்ப ஒரு தடவ பாத்துடுங்க. 2024ல வந்த புது விதிகளோடயும் பெரிய சிரமம் இல்லாம ஓடுது, அசுரங்க பலத்த மட்டும் கொஞ்சம் கூட்டணும். படங்கள் அருமை, குறிப்பா ஒன்பது தெய்வங்களோட ஓவியம், அத பிள்ளைங்களுக்கும் காட்டலாம். கல்லறைல இருக்கறத காட்டாதீங்க, சிலது ரொம்ப கோரம்.

முதல் தடவ கேம் நடத்தறவங்களுக்கு இது வேண்டாம், நெறைய பேர், நெறைய இடம், தலை சுத்தும். ஒரு கதையாவது நடத்தி முடிச்சவங்க, பழைய ஊர், பழைய சாமி, அழிஞ்சு போன ராஜ்ஜியம்னா காது கொடுக்கற ஆளுங்க உங்க டேபிள்ல இருந்தா வாங்குங்க. அஞ்சுக்கு நாலு குடுப்பேன், கொறச்ச அந்த ஒண்ணு ஓமு ஜனங்களுக்காக.